எழுத்து தெரியும், சொல் வாசிக்க வராது: 4 முதல் 7ஆம் வகுப்புவரை எங்கிருந்து தொடங்குவது?

மாலைவகுப்பு:

ஐந்தாம் வகுப்பு, அரசு நடுநிலைப் பள்ளி. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை. அ முதல் ஃ வரை கேட்டால் தடங்கல் இல்லாமல் சொல்கிறார்கள். க வரிசை, ச வரிசை எல்லாம் பாட்டாக வருகிறது. ஆனால் "கோடை" என்று எழுதிக் காட்டினால் "கே... ர... டை" என்று இழுக்கிறார்கள். இல்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து "கோழி" என்று அடித்துவிடுகிறார்கள். இருவர் வீட்டில் தெலுங்கு. ஒருவன் பீகாரிலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் வகுப்புவரை இந்தியில் படித்தவன்.

திரும்ப அ, ஆ-விலிருந்து தொடங்குங்கள் என்கிறார்கள். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எங்கே தொடங்குவது? இதில் டாக்டரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளை யார் என்று எப்படிப் பிரிப்பது?

துணைக்கால்:

அ, ஆ-விலிருந்து வேண்டாம் மேடம். அவர்களுக்குத் தெரிந்ததையே மறுபடி நடத்தி ஒரு மாதம் போய்விடும். முதலில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். தனியாக, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரே தாளில் இவை இருக்கட்டும்:

முதலில், க ச ட ண த என்று அகரம் ஏறிய மெய்கள் 16, வரிசை கலைத்து. (ங, ஞ இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். ங என்பது ங் ஆகத்தான் பாடப்புத்தகத்தில் வருகிறது.) அடுத்து உயிரெழுத்து 12, அதுவும் கலைத்து. மூன்றாவதுதான் முக்கியம்: ஔகாரத்தை விட்டால் மிஞ்சும் பத்துக் குறிகள், குறிக்கு மூன்று எழுத்து, ஆக முப்பது. கா, மா, தா அடுத்தடுத்து இருக்கக் கூடாது. நான்காவது, புள்ளி வைத்த சொற்கள்: கல், மரம், பட்டம், தங்கம், பந்து, காற்று, கன்று. கடைசியாக நான்கு வரிப் பத்தி ஒன்று.

மூன்று நொடிக்குள் சொன்னால் டிக். சரியாகச் சொல்லியும் மூன்று நொடி தாண்டினால் டிக்குக்குப் பதில் வட்டம். தப்பாகச் சொன்னால் என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுங்கள், வெறும் தப்புக்குறி (X) போடாதீர்கள். "தே"யை "தெ" என்பவனும் "தே"யை "தி" என்பவனும் ஒரே பிரச்சினை உள்ளவர்கள் அல்ல.

வட்டம் விழுகிற பிள்ளையின் உதட்டைப் பாருங்கள். "கே"யைக் காட்டியதும் க, கா, கி, கீ, கு, கூ, கெ, கே என்று உள்ளுக்குள் ஏறி வருவது தெரியும். சிலர் மேசைக்கு அடியில் விரல் மடக்குவார்கள். எட்டாவது படியில் பிடித்துவிடுகிறான், விடை சரிதான். ஆனால் அடுத்த எழுத்துக்கும் இதே போல ஏறி இறங்குவதற்குள் முதல் எழுத்து மனதிலிருந்து நழுவிவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிவதில்லை, வரிசை தெரிகிறது. சொல் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி கொம்பு. ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலிப்பதோ எழுத்துக்குப் பின்னால். கண் முதலில் பார்ப்பதை வாய் கடைசியில் சொல்ல வேண்டும். ொ, ோ இரண்டிலும் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. வலப்பக்கக் காலைத் தனி எழுத்து என்று நினைப்பதால்தான் "கே-ர-டை". துணைக்காலும் (ா) ரகரமும் அச்சில் எவ்வளவு நெருக்கம் என்று ஒருமுறை "காரம்" எழுதிப் பாருங்கள்.

பனங்காட்டான்:

நாமெல்லாம் க, கா, கி, கீ சொல்லித்தானே படித்தோம் சார்? வரிசைப் பாட்டைக் குறை சொல்வது இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முறை அது. மனப்பாடம் இல்லாமல் 247 எழுத்து எப்படி நிற்கும்?

துணைக்கால்:

வரிசை வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. வரைபடம் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் வகுப்பில் கூட்டாகச் சொல்லும்போது நாற்பது வாயில் எது எழுத்தைப் பார்க்கிறது, எது பக்கத்து வாயைப் பின்தொடர்கிறது என்று தெரியாது. வராதவன் மறைந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

உயிர்மெய் அட்டவணையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு தேடல் ஆட்டமாக மாற்றுங்கள். "தே எங்கே?" என்றால் த வரிசையில் ஒரு விரல், ஏகாரப் பத்தியில் ஒரு விரல், இரண்டும் சந்திக்கும் கட்டம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பினர் வடக்கே பாரக்கடி அட்டையை (இந்தி உயிர்மெய் அட்டவணை) இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பயன்படுத்துகிறார்கள். நெடுக்கே கே, சே, டே, தே, நே, பே என்று வாசிக்கவையுங்கள். எழுத்து மாறும், குறி மாறாது. குறி என்பது தனி உறுப்பு என்று பிடிபடுவது இந்த நெடுக்கு வாசிப்பில்தான். குறுக்கு வரிசைப் பாட்டில் பிடிபடாது.

இன்னொன்று. கன்னடத்தில் பிள்ளைகள் எழுத்து கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், 2007இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த மாதிரி உயிர்மெய் எழுத்துமுறைகளில் முழு எழுத்துக்கூட்டமும் கைவர நான்கு, ஐந்தாம் வகுப்புவரை ஆகிறது என்று காட்டினார். ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் போல முதல் வகுப்பிலேயே முடித்துவிடுகிற காரியம் இல்லை இது. இரண்டாம் வகுப்பு முடிவில் 247ஐயும் முடித்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மூன்றாம் வகுப்பில் நேரே பாடத்துக்குப் போவதால்தான் ஐந்தாம் வகுப்பில் இந்த நிலை.

வட்டாரவளம்:

எந்த எழுத்திலிருந்து என்று கேட்டதற்கு ஒரு வழி. முதல் தொகுப்பில் ப, ட, ம, ர, க, ல. கூடவே புள்ளியும் துணைக்காலும். இவ்வளவை வைத்தே படம், பல், கல், மரம், பால், கால், பாடம், பட்டம், கட்டம், பகல், கடல், காகம், காலம், பாலம், காரம், கப்பல், மாமா, பாப்பா எல்லாம் வரும். முதல் வாரமே முழுச் சொல் வாசித்தாயிற்று என்ற தெம்பு பத்து வயதுப் பிள்ளைக்கு ரொம்ப முக்கியம்.

புள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள். மெய்யெழுத்து பிறகு என்று வைத்துவிட்டால் மரம் "மரம" ஆகிறது, அதை அழிப்பது பெரும்பாடு.

இரண்டாவது தொகுப்பில் இகரமும் உகரமும், கூடவே த, ந, வ, ன. உகரத்தை இவ்வளவு சீக்கிரம் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு: அது, மாடு, காடு, பாட்டு, வந்து, பார்த்து என்று தமிழ்ச் சொற்கள் ஏராளம் உகரத்தில் வந்து முடிகின்றன. அதில்லாமல் வாக்கியமே எழுத முடியாது. பிறகு ஈகாரம், ஊகாரம். அதற்குப் பின் ஐகாரம், எகர ஏகாரம், கடைசியில் ஒகர ஓகாரம். எகரம் உறுதியாகாமல் ஒகரத்துக்குப் போகவே கூடாது. ஔகாரத்துக்கு ஒரு நாள் போதும்; மௌனம், கௌதாரி தாண்டி அதற்கு வேலை கிடையாது.

ஜ, ஷ, ஸ, ஹ-வை மட்டும் ஒதுக்கிவைக்காதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் பெயரில் அவை இருக்கின்றன. தன் பெயரையே வாசிக்க முடியாதவனிடம் 247 பற்றிப் பேசி என்ன பயன்?

மாலைவகுப்பு:

நன்றி சார். கொம்புக்கு என்ன கருவி? உகரத்திலும் குழப்பம் அதிகம். "மு"வை "ழு" என்கிறார்கள், "து"வை "நு" என்கிறார்கள்.

துணைக்கால்:

கொம்புக்கு ஜன்னல் அட்டை. பழைய சார்ட்டில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு. நடுவில் 5 செ.மீ. சதுரமாக ஜன்னல் வெட்டுங்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், சிவப்பு ஸ்கெட்ச்சில். ஜன்னலுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக நகரும்படி நீளப் பட்டை, அதில் கறுப்பில் க, த, ப, ம, வ, ச, ந. பட்டையை இழுத்தால் கொ, தொ, பொ, மொ என்று வரும். வலப்பக்கக் காலை ஒரு சிறு தாளால் மூடினால் கெ, தெ, பெ. மூடுவதும் திறப்பதும் பிள்ளை கையில் இருக்கட்டும். "காலை மூடினால் எ, திறந்தால் ஒ" என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. பட்டையில் எழுத்தை க, ங, ச வரிசையில் எழுதினால் மறுபடி பாட்டுதான், கலைத்து எழுதுங்கள். ஜன்னலைவிட எழுத்து சின்னதாக இருந்தால் குறி எட்டி நிற்கும், பிள்ளை அதைத் தனி எழுத்தாகவே பார்ப்பான். மூன்றாவது, சிவப்பு மையை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து எல்லாம் கறுப்பில். புத்தகத்தில் கொம்பு சிவப்பாக வராது.

உகரத்துக்கு இந்த ஜன்னல் உதவாது. உகரக் குறி தனியாக நிற்பதில்லை, எழுத்தின் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. அதற்குக் குடும்பம் பிரிப்பதுதான் வழி. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று, நேராகக் கீழே இறங்குபவை. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது, அடியில் போய் வலப்பக்கம் மேலே ஏறுபவை. ஒரு நாளில் ஒரு குடும்பம் மட்டும். முதல் குடும்பம் நிற்காமல் அடுத்ததைத் திறக்காதீர்கள். ஊகாரத்தில் மூன்றாம் குடும்பம் முழுக்கக் கால் வாங்கிக்கொள்ளும்: தூ, நூ, லூ. கூ, சூ இரண்டும் தனிப்பிறவிகள், அவற்றைக் கூடு, சூடு என்று சொல்லோடு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

மு/ழு குழப்பம் உகரத்தால் வருவதில்லை. மகரமும் ழகரமும் உறுதியாகவில்லை என்று அர்த்தம். து/நு-வும் அப்படியே. முதல் 16க்குத் திரும்புங்கள். ஆனால் குழப்புகிற ஜோடியை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தாதீர்கள். ஒன்று பழகி ஒரு வாரம் ஆன பிறகு மற்றது, அதற்கப்புறம்தான் இரண்டையும் சேர்த்து.

நூலகஅணில்:

நேரம்?

வட்டாரவளம்:

முக்கால் மணி நேரத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். பழைய அட்டைகள் 12, வேகமாக, 5 நிமிடம். வாயால் மட்டும் ஒலி விளையாட்டு 5 நிமிடம்: "பட்டம் - ப இல்லாமல் சொல்லு", "கா-க-ம் சேர்த்துச் சொல்லு". இதில் தாளே வேண்டாம். புதுக் குறி 8 நிமிடம். சொல் கட்டி வாசிப்பது 10 நிமிடம். அதே சொற்களில் ஐந்தை டிக்டேஷன், திருத்தம் உட்பட 7 நிமிடம். கடைசி 10 நிமிடம் நீங்கள் கதை வாசியுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்.

முதலில் வெட்டப்படுவது எப்போதும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான். வெட்டாதீர்கள். வாசிக்க வராத பிள்ளைக்குப் புத்தகத் தமிழின் சொற்கள் காது வழியாகத்தான் வர முடியும். இரண்டு வருடம் புத்தகம் தொடாதவனுக்கு எழுத்து வந்த பிறகும் சொல் புரியாது.

புதுக் குறி வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமை புதியது எதுவும் இல்லை, அந்த வாரத்தின் முப்பது எழுத்தைக் கலைத்து வாசிக்கவைத்துப் பாருங்கள். 27க்குக் கீழே இருந்தால் அடுத்த வாரமும் அதே குறிகள்.

ஹட்டன்_ரீச்சர்:

இலங்கை மலையகத்திலிருந்து ஒரு சேர்க்கை. இங்கும் தரம் 4, 5இல் இதே கதைதான். கூட்டு வகுப்புப் பாடசாலைகளில் இன்னும் மோசம். ஆனால் நீங்கள் எல்லோரும் எழுத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். "அவர்கள் ஆற்றங்கரைக்குச் சென்றார்கள்" என்று ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் வாசித்துவிட்டு "எங்கே போனாங்க?" என்று கேட்டால் முழிக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது? அவனுக்கு "போனாங்க" தெரியும், "சென்றார்கள்" தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் பேசுகிற தமிழ் ஒன்று, யாழ்ப்பாணத்து ரீச்சர் பேசுகிறது ஒன்று, புத்தகத்தில் இருப்பது மூன்றாவது.

இதற்கு நாங்கள் செய்வது: பிள்ளை சொல்கிற வசனத்தை அவன் சொன்னபடியே பலகையில் எழுதுவது. "அம்மா கொழுந்து எடுக்கப் போயிட்டாங்க." அதற்குக் கீழே "அம்மா கொழுந்து பறிக்கச் சென்றுவிட்டார்." இரண்டையும் வாசிக்கவைத்து எது எதுவாக மாறியது என்று கோடு இழுக்கவைப்பது. ட்டாங்க - விட்டார், இருக்கு - இருக்கிறது, அவங்க - அவர்கள். இந்த மாற்றங்கள் எண்ணிக்கையில் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. இருபது ஜோடி மனதில் ஏறிவிட்டால் வாசிப்பில் பாதி பாரம் இறங்கும்.

பனங்காட்டான்:

பலகையில் கொச்சையை எழுதுவதா? அப்புறம் பரீட்சைத் தாளிலும் "போயிட்டாங்க" என்றுதான் எழுதுவான். இதை ஏற்கவே முடியாது ரீச்சர்.

ஹட்டன்_ரீச்சர்:

ஐயா, பலகையில் எழுதாவிட்டாலும் அவன் தாளில் அதைத்தான் எழுதுகிறான். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் வேறு வேறு என்று தெரியும். பேச்சு வசனத்தைக் கொப்பியில் (நோட்டில்) எழுதவைப்பதில்லை. பலகையோடு சரி, கொப்பிக்குப் போவது கீழ் வசனம் மட்டும். அந்த எல்லையை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

துணைக்கால்:

ரீச்சர் சொல்வதற்கு ஒட்டி, சோதனையில் இன்னும் ஒன்று சேருங்கள் மேடம். அந்தக் கடைசிப் பத்தியைப் போலவே வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டு விடை சொல்கிறான், வாசித்துச் சொல்ல முடியவில்லை என்றால் எழுத்துதான் சிக்கல். கேட்டும் புரியவில்லை என்றால் மொழியே இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் இரண்டுமே குணமாகாது.

உங்கள் பீகார் பையன் விஷயம் சுவாரசியமானது. இந்தி வாசிக்கத் தெரிந்தவன் என்றால் அவன் முன்னாலேயே இருக்கிறான், பின்தங்கியவன் என்று சேர்த்துவிடாதீர்கள். இந்தியில் இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம்தான் வரும். "உன் 'கி'யில் குறி முன்னால் நிற்கிறது அல்லவா, இங்கே 'கெ'யில் அப்படி" என்று காட்டினால் கொம்பை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துக்கொள்வான்.

அவன் தடுக்கிற இடங்கள் வேறு. இந்தியில் எ/ஏ, ஒ/ஓ என்று குறில் நெடில் பிரிவு இல்லை, ஆகவே கொடி/கோடி, பெட்டி/பேட்டி ஜோடிகளைக் காதால் கேட்டுப் பிரிக்கும் பயிற்சிதான் முதலில். ழ, ற அவனுக்குப் புதிது. பெரிய தலைவலி, க ஒன்றே பல ஒலிக்கு வேலை செய்வது. இந்தியில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து இருப்பதால் "இது எந்தக் க?" என்று தேடுவான். அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள்: முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை (கல், பக்கம்), மெல்லினத்தை அடுத்தாலும் இரண்டு உயிர் ஓசைக்கு நடுவில் வந்தாலும் இளகும் (தங்கம், அகம்). ட-வுக்குப் பட்டம், வண்டி, படம். த-வுக்குத் தாத்தா, பந்து, அது. ச-வுக்குப் பச்சை, பஞ்சு, பசி; ச மட்டும் சொல்லின் முதலிலும் பெரும்பாலும் இளகியே ஒலிக்கும். பஸ், பாட்டில் போன்றவை இந்த விதிக்கு அடங்காது. அவற்றை வந்தபோது பார்த்துக்கொள்ளலாம்.

தெலுங்குப் பிள்ளைகளுக்கு குறில் நெடில் பிரச்சினையே இருக்காது, அவர்கள் மொழியில் எ/ஏ இருக்கிறது. அவர்களுக்குச் சொல்வளம்தான் வேண்டும். இரண்டு மொழிப் பேச்சில் வளர்கிற பிள்ளைக்கு வீட்டில் தமிழே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். தெலுங்கில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவன் தமிழிலும் சொல்வான்.

சிறப்புக்கல்வி_நெல்லை:

டாக்டரிடம் யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் எல்லோருக்கும் கண்ணும் காதும். பலகையைப் பார்க்க முன்னால் நகர்கிறானா, புத்தகத்தைச் சாய்த்துப் பிடிக்கிறானா, முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வரும் பிள்ளைக்குப் ப/ம, ல/ள பிரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரை எழுதியே கொடுங்கள்.

அதற்குப் பிறகு, மேலே சொன்ன மாதிரி ஒழுங்கான பயிற்சி எட்டு வாரம். இது நடக்காமல் யாருக்கும் டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று பெயர் வைக்காதீர்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளையும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். எட்டு வாரத்தில் முதல் ஆள் மளமளவென்று ஏறுவான். இரண்டாமவன் ஒரு குறியை இன்று பிடித்து நாளை விடுவான், வாயால் ஒலி பிரிக்கும் விளையாட்டில் திணறுவான், வாசிப்பதைவிட டிக்டேஷனில் மோசமாக இருப்பான். வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே கஷ்டம் இருந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா என்றால் தப்பும் தவறுமாக வாசிப்பது என்று படித்திருப்போம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு நேரானது. அதனால் பயிற்சி கிடைத்த பிள்ளை கடைசியில் சரியாகவே வாசித்துவிடுவான், ஆனால் நத்தை வேகத்தில். பிழையை மட்டும் எண்ணினால் இவன் "தேறிவிட்டான்" என்று பதிவாகும். நேரத்தையும் குறித்தால்தான் சிக்குவான்.

இன்னொரு பக்கம், அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். இடக்கைப் பழக்கம் காரணம் இல்லை, அதை மாற்றவும் வேண்டாம். கலர் கண்ணாடித் தாள், மூளைப் பயிற்சி வகுப்பு, சிறப்பு எழுத்துரு என்று விற்கிறவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி வரிக்கு வரி இடைவெளி விட்டால் சிலருக்கு எளிதாகிறது, அது செலவில்லாத காரியம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுவதைவிட ஏழு, எட்டாம் வகுப்பிலேயே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் மூலம் தொடங்குங்கள். சலுகை வாங்கிவிட்டோம் என்று வாசிப்புப் பயிற்சியை நிறுத்துவதுதான் நான் அதிகம் சண்டை போடுகிற விஷயம்.

மாலைவகுப்பு:

வேகம் என்றதும் ஒரு சந்தேகம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கைத் தமிழுக்கு எப்படிப் பார்ப்பது?

வட்டாரவளம்:

2021இல் வந்த நிபுண் பாரத் (மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வைத்த இலக்கு இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45-60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60. இந்திக்கு அது பொருந்தலாம். தமிழில் "பள்ளிக்கூடத்திலிருந்து" ஒரே சொல், இந்தியில் அதே பொருளுக்கு இரண்டு சொல். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம்) அடிப்படைக் கற்றல் ஆய்வு நடத்தியபோது மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

வகுப்புக்குள் எழுத்துக் கணக்கு வையுங்கள். ஒரே பத்தி, ஒரு நிமிடம், சரியாக வாசித்த எழுத்துகளின் எண்ணிக்கை. புள்ளி எழுத்தையும் சேர்த்து எண்ணுங்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், போன மாதத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

நீளச் சொல்லுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். வால்களைத் தனியாகப் பழக்குங்கள்: -இல், -இருந்து, -க்கு, -உடன், -ஆல், -கள், -கொண்டு, -விட்டது. ஒரே சொல்லில் வாலை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும்: வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான். புத்தகத்தில் பென்சிலால் மெல்லிய கோடு: வந்து/கொண்டி/ருந்தார்கள். புணர்ச்சியில் எழுத்து மாறும் இடத்தில் கோடு இலக்கணப்படி விழாது, பரவாயில்லை, மூச்சு விடுகிற இடத்தில் விழுந்தால் போதும்.

பிறகு மீள்வாசிப்பு. ஐம்பது அறுபது சொல்லுள்ள பத்தி ஒன்றை நான்கு நாள். முதல் நாள் நீங்கள் வாசித்துக் காட்டி அவன் தொடரட்டும், இரண்டாம் நாள் ஜோடியாக, மூன்றாம் நாள் தனியாக, நான்காம் நாள் நேரம் குறித்து. மனப்பாடமாகிவிடும் என்ற பயம் நியாயமானது. அதே சொற்களைக் கலைத்து வேறு மூன்று வாக்கியம் எழுதி ஐந்தாம் நாள் கொடுங்கள். அங்கே தடுமாறினால் அதுவரை வாசித்ததெல்லாம் ஒப்பித்தல்.

பனங்காட்டான்:

இதெல்லாம் சரி, ஏழாம் வகுப்புப் பையனிடம் "பட்டம், கட்டம்" என்று நீட்டினால் அவன் வகுப்பையே விட்டு ஓடுவான். அதற்கு என்ன?

நூலகஅணில்:

அவனுக்கு அணில், ஆடு படம் போட்ட அட்டையே காட்டாதீர்கள் ஐயா. அதே எழுத்துகள், வேறு சாமான். பஸ் போர்டு: கோயம்பேடு, தாம்பரம், மேலூர், பொள்ளாச்சி. கொம்பும் காலும் அத்தனையும் அதிலேயே இருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் செய்தி, ரேஷன் கடைப் பலகை, ரீசார்ஜ் கடை நோட்டீஸ், சினிமா போஸ்டர்.

புத்தகம் வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருக்கின்றன. பெரிய பையன்கள் "நுழை" எடுக்க வெட்கப்பட்டால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். சின்னவர்களுக்காக எடுக்கிறேன் என்ற பெயரில் ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள்.

வட்டாரவளம்:

தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிப்பையே ஐந்தாம் வகுப்பிலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "அரும்புப் பசங்க" என்று பெயர் ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து ஆளை மாற்றுங்கள். ஒரே குழுவில் ஒருவன் மூன்று மாதம் அப்படியே இருந்தால், மாற வேண்டியது உங்கள் முறை. பள்ளியில் 3, 4, 5 மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் அந்த முக்கால் மணி நேரத்தை வைத்தால் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கலாம். அதற்குத் தலைமை ஆசிரியர் கால அட்டவணையில் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதெல்லாம் எளிது.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. பொருளில்லாத சொற்களையும் வைத்துச் சோதித்தால் ஊகித்து அடிப்பது நின்றுவிடும் என்று படித்தேன். அந்தப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

துணைக்கால்:

இருக்கிறது. மீபு, தேகூ, நெபை, கொமீ, சூவெ, பேநு, வோதி, தைலொ, மூநெ, பீசோ. ஒரு நொடியில் ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். "இவை வேற்றுக்கிரகத்துப் பெயர்கள், அர்த்தம் கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அர்த்தம் தேடி நின்றுவிடுவார்கள். பத்துக்கு எட்டு வந்தால் அந்தக் குறிகள் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறப்புக்கல்வி_நெல்லை:

"பேநு"வை எடுத்துவிடுங்கள் சார். வாய்விட்டு வாசித்தால் தலைப் பேன். பெண் பிள்ளை யாராவது வாசித்தால் வகுப்பு அன்றைக்கு அதோடு முடிந்தது. "பேமூ" போடுங்கள். எந்தப் பட்டியலையும் ஜெராக்ஸ் எடுக்கும் முன் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள், சில சேர்க்கைகள் உங்கள் ஊரில் வசவாக இருக்கும்.